மலைநாட்டில் சுமைச் சைக்கிள் வாங்க நினைப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சைக்கிளின் பின்னால் அரிசி மூடையும் மீன் பெட்டியும் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ அதே காட்சி அரிது. ஏற்ற இறக்கம்தான் அதற்குக் காரணம். ஆனாலும் 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டையும் நீண்ட வரிசைகளையும் அனுபவித்தவர்களில் சிலர், கடைக்கு மரக்கறி கொண்டுவரவும், பேக்கரியிலிருந்து பாண் எடுத்துச் செல்லவும், எரிவாயு சிலிண்டர் மாற்றவும் ஒவ்வொரு முறையும் முச்சக்கர வண்டிக்குக் கூலி கொடுக்காமல் சைக்கிளிலேயே முடித்துவிட முடியாதா என்று கேட்கிறார்கள். சில பாதைகளில் முடியும், சிலவற்றில் முடியாது. எது எந்தப் பாதை என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கண்டறிவதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

சுமைச் சைக்கிள் என்று இங்கே குறிப்பிடுவது, முப்பது கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை நாள்தோறும் ஏற்றிச் செல்வதற்கென்றே நீளமாகவும் உறுதியாகவும் செய்யப்பட்ட, அல்லது அவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டியை. வாங்கப் போகிறவர் யோசிக்க வேண்டிய வரிசை இது: பாதை, சுமை, பிரேக், அதன்பின் வண்டியின் வடிவமும் கியரும், எல்லாவற்றுக்கும் கடைசியில் மோட்டார். பெரும்பாலோர் மோட்டாரிலிருந்து தொடங்குகிறார்கள். ஏற்றத்தில் பலம் போதாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் பிரேக் போதாவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பாதையை அளந்துகொள்ளுதல்

கைபேசிச் செயலிகள் காட்டும் உயரக் கணக்கை நம்பி வண்டி வாங்கக் கூடாது. மரங்களுக்கும் மண்மேடுகளுக்கும் இடையே அது பல மீற்றர் பிசகும். அதைவிட எளிய முறை ஒன்று இருக்கிறது. ஒரு மீற்றர் நீளமான நேரான சட்டத்தைச் சாலை ஏறும் திசையில் வைத்து, அதன்மேல் மேசன்மார் பயன்படுத்தும் ரசமட்டத்தை வைத்து, சட்டத்தின் கீழ்ப்பக்க நுனியை மட்டம் வரும்வரை உயர்த்துங்கள். அந்த நுனிக்கும் சாலைக்கும் இடையே எத்தனை சென்ரிமீற்றர் இருக்கிறதோ, அதுவே அந்த இடத்தின் சதவீதச் சாய்வு. எட்டுச் சென்ரிமீற்றர் என்றால் எட்டுச் சதவீதம். நீங்கள் போகும் வழியில் மிக மோசமான மூன்று நான்கு இடங்களில் இப்படி அளந்து, ஒவ்வோர் ஏற்றமும் எத்தனை மீற்றர் தூரத்துக்கு நீள்கிறது என்பதையும் காலடியால் கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் எண்: கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் மலையக ரயில் பாதையின் மிகக் கடுமையான ஏற்றம் 44க்கு 1, அதாவது 2.3 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அந்தச் சாய்வைத் தாண்டாமல் இருப்பதற்காகத்தான் ரயில் பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. சாலைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, தோட்டப் பாதைகளுக்கு அறவே இல்லை. நகரத்துக்குள்ளும் ஏரியைச் சுற்றியும் ஓரளவு சமமாக உள்ள நுவரெலியாவில் எளிதாக ஓடும் ஒரு வண்டி, அங்கிருந்து றம்பொடை வழியாக இறங்கும் சாலையில் வேறொரு வண்டியாகிவிடும்.

என் கணிப்பில், நான்கு சதவீதம் வரையான பாதையில் நாற்பது கிலோ பாரத்தைக் கியர் உள்ள எந்த நல்ல வண்டியிலும் மோட்டார் இல்லாமலே கொண்டு போகலாம். நான்குக்கும் எட்டுக்கும் இடையே மிகத் தாழ்ந்த கியரும் பொறுமையும் வேண்டும். மோட்டார் இருந்தால் நல்லது. எட்டுக்கு மேல் மோட்டார் இல்லாமல் அன்றாடம் ஓட்டுவது உடம்பை வருத்தும் வேலை. பன்னிரண்டுக்கு மேற்பட்ட ஏற்றம் சில நூறு மீற்றர்களுக்கு நீளுமானால், அல்லது உங்கள் தோட்டப் பிரிவுக்கான (டிவிஷன்) பாதை பெயர்ந்த கருங்கல்லும் பள்ளமுமாக இருக்குமானால், சுமைச் சைக்கிள் வாங்க வேண்டாம். அயலவர் நாலு பேருடன் சேர்ந்து வாரத்துக்கு ஒருமுறை முச்சக்கர வண்டி பிடிப்பது அதைவிட மலிவு. லயத்திலிருந்து பிரதான வீதிக்குக் குறுக்குப் பாதையில், படிக்கட்டில் இறங்கி வருகிறவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும்: வண்டியை மேலே கொண்டு போக முடியாது, எனவே கீழே கடையிலோ உறவினர் வீட்டிலோ பூட்டி வைக்க இடம் இருக்க வேண்டும்.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கமும், டிசெம்பரிலிருந்து பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவத்தில் பதுளை, வெலிமடைப் பக்கமும் கூடுதலாக நனையும். தோட்டத்துக் கொங்கிரீட் பாதைகளில் நிழல் விழும் இடமெல்லாம் பாசி பிடிக்கும். அளக்கும் வேலையை வெயில் நாளில் செய்தாலும், தீர்மானத்தை மழை நாளை வைத்தே எடுக்க வேண்டும்.

சுமையை எழுதிப் பார்த்தல்

ஒரு வாரம் நீங்கள் எதை எங்கிருந்து எங்கே கொண்டு போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது இரும்பின் எடையோடு சேர்த்து இருபத்தைந்து கிலோவைத் தாண்டும். அதை நிமிர்த்தியே வைத்துக் கட்ட வேண்டும். அரிசியும் மாவும் எடையில் கூடுதல், இடத்தில் குறைவு. பாணும் லீக்ஸும் எடையில் குறைவு, இடத்தில் கூடுதல். நனையவும் நசுங்கவும் கூடாதவை. ஐம்பது கிலோ சீமெந்து மூடை எப்போதோ ஒருமுறை வரும் சுமை. அதற்காக வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், அன்றைக்கு லொறியில் போட்டுவிடலாம். வாரத்தில் ஐந்து நாள் வரும் சுமை எதுவோ அதுவே உங்கள் சுமை.

மேலும், சுமை ஏறும் திசையில் போகிறதா, இறங்கும் திசையில் போகிறதா என்பதும் முக்கியம். மேட்டுத் தோட்டத்திலிருந்து கரட்டும் கோவாவும் சந்தைக்கு இறக்குகிறவருக்குப் போகும்போது பாரம், வரும்போது வெறும் வண்டி. அவருக்கு மோட்டார் அவ்வளவு அவசியமில்லை, பிரேக்தான் உயிர். டவுனிலிருந்து மேலே உள்ள கடைக்குச் சாமான் ஏற்றுகிறவருக்கு நிலைமை தலைகீழ்.

இறக்கமும் பிரேக்கும்

ஓட்டுபவர் அறுபது கிலோ, வண்டி இருபத்தைந்து, சுமை நாற்பது என்று வைத்தால் மொத்தம் 125 கிலோ. இது நூறு மீற்றர் உயரத்திலிருந்து மெதுவாக இறங்கும்போது வெளியாகும் சக்தி ஏறக்குறைய 120 கிலோ ஜூல். மூன்றில் ஒரு லீற்றருக்குச் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. அந்த வெப்பம் முழுவதும் உங்கள் பிரேக்கில்தான் இறங்கும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், எந்தப் பிரேக் மலைநாட்டுக்கு உதவும், எது உதவாது என்பது தானாகவே விளங்கும்.

கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இழுக்கும் பழைய கம்பிப் பிரேக் உள்ள பெரிய சைக்கிள்கள் சமவெளிக்கு உரியவை. மழையில் சக்கர விளிம்பான ரிம் நனைந்துவிட்டால் அதைப் பிடிக்கும் பிரேக் கட்டைகள் வழுக்கும். பாரத்தோடு இறங்கும்போது நிற்பதற்குப் பத்து மீற்றர் போதாது. பின்னால் மிதித்து நிறுத்தும் ஹப் பிரேக்கும் நீண்ட இறக்கத்தில் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸை எரித்துவிடும். ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் சிறு இறக்கங்களுக்குப் போதுமானது. ஆனால் பாரத்தோடு நீண்ட நேரம் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கக்கூடும். அத்தோடு ரிம்மும் தேய்ந்து மெலிந்துகொண்டே போகும்.

ஆகவே இந்த வட்டாரத்தில் வாங்கும் சுமைச் சைக்கிளுக்கு இரண்டு சக்கரங்களிலும், சக்கரத்தின் நடுவில் பொருத்திய உலோகத் தட்டைக் கட்டைகள் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் இருப்பதே முறை. தட்டின் விட்டம் முன்னால் 180 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. 203 கிடைத்தால் இன்னும் நல்லது. 160 மில்லிமீற்றர்த் தட்டு பாரம் இல்லாத மலைச் சைக்கிளுக்கு உரியது. தட்டை மட்டும் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் எவ்வளவு பெரிய தட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டது என்று பார்த்த பிறகே அதற்குச் சம்மதிக்க வேண்டும்.

எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கா, கேபிளில் இயங்கும் பிரேக்கா என்ற கேள்வியில் என் பரிந்துரை பலருக்கு வியப்பளிக்கலாம். ஹைட்ராலிக்கின் பிடி வலுவானது, விரலுக்குக் களைப்பும் இல்லை. ஆனால் அதில் காற்றுப் புகுந்துவிட்டால் சரிசெய்வதற்குக் கருவியும் உரிய எண்ணெயும் வேண்டும். சிறு டவுன்களில் அவை எல்லா நாளும் கிடைப்பதில்லை. பிரேக் கேபிள் எந்தச் சைக்கிள் கடையிலும் தொங்கிக்கொண்டிருக்கும். கண்டிக்கு அடிக்கடி போகிறவர், அல்லது தாமே காற்றை வெளியேற்றக் கற்றுக்கொள்ளத் தயாராக உள்ளவர், ஹைட்ராலிக் வாங்கட்டும். மற்றவர்கள் இருபுறக் கட்டைகளும் சேர்ந்து அழுத்தும் தரமான கேபிள் டிஸ்க் பிரேக்கை வாங்கி, கேபிளை அடிக்கடி மாற்றி வந்தால் போதும். எதை வாங்கினாலும் பிரேக் கட்டை இரண்டு சோடி கையிருப்பில் இருக்க வேண்டும். மழைக் காலத்தில் சேறு கலந்து அவை தேயும் வேகத்தைச் சமவெளியில் உள்ளவர்கள் நம்பமாட்டார்கள்.

ஓட்டும் முறையும் பிரேக்கின் ஒரு பகுதிதான். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, இரண்டு பிரேக்குகளையும் விட்டு விட்டுப் பிடித்து, வளைவுக்குள் நுழையுமுன் பிடித்து முடித்துவிட வேண்டும். தொடர்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே வருவது தட்டைச் சூடாக்கும். நீண்ட இறக்கத்தில் பாதி வழியில் நின்று தட்டை ஆறவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானுஓயாவுக்கு அருகே ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் கட்டுப்பாட்டை இழந்த பேருந்தொன்று வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியதில் ஏழு பேர் உயிரிழந்தனர். அந்த மாதிரிச் சாலைகளைப் பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு உரிய சாலைகளாக நினைக்கவே கூடாது. தூரம் கூடினாலும் சாய்வு குறைந்த சுற்றுப் பாதையே நம் பாதை.

எந்த வடிவம்

உலகெங்கும் விற்கும் சுமைச் சைக்கிள்கள் சில குடும்பங்களுக்குள் அடங்கும். முதலாவது, பின்பகுதி நீட்டப்பட்ட நெடுவால் வண்டி. பின் சக்கரத்தின் மேலும் இருபுறமும் சுமை ஏற்றலாம். இருபது அங்குலச் சக்கரம் உள்ள குறு நெடுவால் வண்டி சாதாரண சைக்கிளை விட அதிக நீளமில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் முன்னால் உள்ள இஸ்தோப்பில் சாய்த்து வைத்தாலும் வழி மறைக்காது. ஓட்டிப் பழகவும் எளிது. அதன் குறை என்னவென்றால், பாரத்தைப் பின் அச்சுக்கும் பின்னால் தள்ளி வைத்தால் செங்குத்தான ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கும். பாரமான பொருள் எப்போதும் பின் அச்சுக்கு முன்னாலும் இயன்றவரை தாழ்வாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஓட்டுபவருக்கும் முன் சக்கரத்துக்கும் இடையே தாழ்வான தட்டு உள்ள நீள வண்டி. டென்மார்க்கில் தோன்றியது இது. ஹேண்டிலுக்கும் முன் சக்கரத்துக்கும் இடையே ஒரு நீண்ட தண்டு இணைப்பு ஓடும். சிலிண்டரையோ தண்ணீர்க் கேனையோ நிலத்துக்கு அருகே வைக்கலாம், சுமை கண்முன்னே இருக்கும். ஆனால் இரண்டரை மீற்றர் அளவு நீளம். கொண்டை ஊசி வளைவில் திருப்புவதற்கும், வீட்டில் வைப்பதற்கும், பேருந்துக்கு வழி விடுவதற்கும் அந்த நீளம் இடைஞ்சல். கடைத்தெரு அகலமாக உள்ள, ஏற்றம் குறைந்த இடத்தில் கடை நடத்துபவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

மூன்று சக்கரமும் முன்னால் பெட்டியும் உள்ள வண்டியை மலைநாட்டில் வாங்க வேண்டாம். நிற்கும்போது அது விழாது என்பதால் பலரும் அதுவே பாதுகாப்பு என்று எண்ணுகிறார்கள். ஆனால் இரு சக்கர வண்டி வளைவில் சாயும், மூன்று சக்கர வண்டி சாயாது. பக்கவாட்டுச் சரிவுள்ள நம் வளைவுகளில் சற்று வேகமாகத் திரும்பினாலே உட்பக்கச் சக்கரம் தூக்கி வண்டி கவிழும். எடையும் கூடுதல். மார்க்கெட் உள்ளே, சமதரையில் மட்டும் அது நல்ல வண்டி.

நான்காவது, முன் கூடையைச் சட்டகத்தோடு பொருத்திய பழைய பாண்காரர் வகை. முப்பது கிலோவுக்குள் பாரம் உள்ளவருக்கு இதுவும், உறுதியான கெரியர் போட்ட சாதாரண மலைச் சைக்கிளும் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலருக்கும் உண்மையில் தேவைப்படுவது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

கியரும் சக்கரமும்

கியர் இல்லாத பெரிய சைக்கிளில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீற்றருக்கு மேல் போகும். மலைநாட்டில் பாரத்தோடு ஏறுவதற்கு அது இரண்டு மீற்றரளவாக இருக்க வேண்டும். முன் பல்சக்கரத்தில் 32 பல்லும், பின் பல்சக்கரத் தொகுதியான கசெட்டின் மிகப் பெரிய வட்டத்தில் 34 பல்லும், 26 அங்குலச் சக்கரமும் இருந்தால் அந்த அளவு கிடைக்கும். கடையில் கியர் எண்ணிக்கையைக் கேட்காமல் பற்களை எண்ணிப் பாருங்கள். 21 கியர் என்று ஒட்டியிருந்தாலும் பின் பெரிய வட்டம் 28 பல்லோடு நின்றுவிடும் வண்டிகள் நிறைய உண்டு.

சக்கர அளவைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்து டவுன் கடையில் எந்த டயர் தொங்குகிறது என்று பாருங்கள். 26 அங்குலமும், பிள்ளைகளின் சைக்கிளால் 20 அங்குலமும் எங்கும் கிடைக்கும். இருபது அங்குலச் சக்கரம் பாரத்தைத் தாழ்வாக வைக்கும், கியரையும் தானாகத் தாழ்த்தும், கம்பிகள் குட்டையாக இருப்பதால் வலுவும் கூட; பள்ளத்தில் மட்டும் அதிகமாகக் குலுக்கும். பின் சக்கரத்துக்கு 36 கம்பியும் இரட்டைச் சுவர் ரிம்மும் கேளுங்கள். டயரின் அகலம் இரண்டு அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்.

மோட்டாரும் பற்றரியும்

மேலே சொன்ன 125 கிலோவை எட்டுச் சதவீத ஏற்றத்தில் மணிக்கு ஆறு கிலோமீற்றர் வேகத்தில் கொண்டு போவதற்கு ஏறக்குறைய 180 வாட் வேண்டும். ஆரோக்கியமான சாதாரண ஆள் தொடர்ந்து தரக்கூடியது நூறிலிருந்து நூற்றைம்பது வாட் வரைதான். ஐரோப்பிய விதிகள் மிதி உதவி மோட்டாருக்கு அனுமதிக்கும் 250 வாட்டே, நல்ல கியரோடு சேர்ந்தால், இந்த வித்தியாசத்தை நிரப்பப் போதும். எனவே ஆயிரம் வாட் என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். மோட்டார் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். பெடல் அச்சில் பொருத்திய நடு மோட்டார் சைக்கிளின் கியரைத் தானும் பயன்படுத்திக்கொள்ளும். மெதுவாக ஏறும்போதும் தன் சரியான வேகத்தில் சுழலும். சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டார், வண்டி மெதுவாகும்போது தானும் மெதுவாகி, மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்கிச் சூடேறும். ஹப் மோட்டார்தான் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது என்றால் இருபது அங்குலச் சக்கரத்தில் உள்ளதை எடுங்கள். சிறிய சக்கரத்தில் அது வேகமாகச் சுழல்வதால் சூடு குறையும்.

பற்றரியின் கொள்ளளவை அறிய வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்க வேண்டும். 36 வோல்ட், 14 அம்பியர்-மணி என்றால் ஏறக்குறைய 500 வாட்-மணி. நானுஓயா நிலையத்திலிருந்து நுவரெலியா நகரம் ஏறக்குறைய 250 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதே 125 கிலோவை மோட்டார் தனியாகவே இழுத்துச் சென்றால் அந்த ஏற்றத்துக்கு 150 வாட்-மணியளவு செலவாகும், நீங்களும் மிதித்தால் குறையும். உங்கள் பாதையின் ஏற்றத்தை இதோடு ஒப்பிட்டு, நாளுக்கு எத்தனை முறை என்று பெருக்கி, பற்றரி பழசாகும்போதும் குளிரிலும் கொள்ளளவு குறையும் என்பதற்காக மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மின்னேற்றுவது பற்றி ஒரு வார்த்தை. பழைய மின் இணைப்புகள் உள்ள லயங்களில், ஒரே பிளக்கில் பலவற்றைச் செருகி, படுக்கும் அறை வாசலில் இரவு முழுக்க மின்னேற்றக் கூடாது. வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்தி, விழித்திருக்கும் நேரத்தில், பாய் தலையணைக்கு எட்டாத இடத்தில் ஏற்றுங்கள். நனைந்த பற்றரியைத் துடைத்து உலரவிட்ட பிறகே செருக வேண்டும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மின் சைக்கிள் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பல, பெடலை மிதிக்காமல் கைப்பிடியைத் திருகினாலே ஓடும் மின் ஸ்கூட்டர்கள்தான். அவற்றுக்கு மோட்டார் சைக்கிளைப் போலவே பதிவும், காப்புறுதியும், சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். எனவே வாட் அளவும் உச்ச வேகமும் குறிப்பிடப்பட்ட தாளைக் கடையில் வாங்கிக்கொண்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் காட்டி, அந்த வண்டிக்குப் பதிவு வேண்டுமா என்று கேட்டறிந்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

எங்கே தேடுவது

கொழும்பு டாம் வீதியில் சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உதிரிப்பாகத்துக்கும் அதுவே முதல் இடம். கண்டியில் கடைகள் குறைவாக இருந்தாலும் பழுது பார்க்க மீண்டும் போவது எளிது. இக்மன் போன்ற விளம்பரத் தளங்களில் ‘கார்கோ’ என்று மட்டும் தேடினால் அதிகம் கிடைக்காது. சைக்கிளின் அளவையும் ‘மலைச் சைக்கிள்’, ‘ஜப்பான் சைக்கிள்’ போன்ற சொற்களையும் மூன்று மொழிகளிலும் எழுதித் தேடுங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்கள் உறுதியானவை, ஆனால் அவற்றின் கியர் சமதரைக்கு அமைந்தது என்பதை நினைவில் வையுங்கள். ஐரோப்பிய சுமைச் சைக்கிளைத் தனியாக வரவழைப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. சுங்கத் தீர்வையும், லித்தியம் பற்றரியை அபாயப் பொருளாக அனுப்பும் செலவும் ஒருபுறம்; உடைந்த சிறு பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது மறுபுறம்.

கொழும்பில் வாங்கினால் ரயில் பார்சலில் அனுப்பலாம். ஆனால் மண்சரிவுக் காலங்களில் மலையகப் பாதை மூடப்படுவதுண்டு என்பதால் நிலையத்தில் விசாரித்துவிட்டே பணத்தைக் கட்டுங்கள். அனுப்பும்போது பற்றரியைக் கழற்றிக் கையோடு எடுத்து வாருங்கள்.

பழைய வண்டியைச் சோதித்தல்

பகல் வெளிச்சத்தில், விற்பவரின் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். முதலில் பற்றுச்சீட்டையும் பெடல் அச்சுக்குக் கீழே பொறித்திருக்கும் சட்டக எண்ணையும் ஒப்பிடுங்கள். எண் தேய்க்கப்பட்டிருந்தால் மேலே பேச வேண்டியதில்லை. அடுத்து ஹேண்டில் தலைக்குப் பின்னாலும், ஆசனக் குழாய் சேரும் இடத்திலும், கெரியர் ஒட்டுகளிலும் பெயின்ற் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ற்றின் மேல் மயிரிழை போன்ற கோடும் அதில் துரு நிறமும் தெரிந்தால் உள்ளே இரும்பு பிளந்திருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்து ஹேண்டிலில் ஆட்டம் உண்டா என்று பாருங்கள். நீள வண்டியாக இருந்தால் திருப்பும் தண்டின் இரு முனைகளையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பது கட்டாயம்.

பிறகு சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். இருபது லீற்றர்த் தண்ணீர்க் கேன் இரண்டை ஏற்றினால் நாற்பது கிலோ. இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். பற்றரியை முழுமையாக ஏற்றச் சொல்லி, ஏற்றத்தில் போகும்போது அளவுக் கோடுகள் ஒரேயடியாகச் சரிகின்றனவா என்று கவனியுங்கள். இறங்கும்போது நடுவழியில் முழுமையாக நிறுத்திப் பாருங்கள். நிறுத்திய இடத்தில் தாங்கி வண்டியைச் சாய்வில் நிற்க வைக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு கால் உள்ள அகலமான தாங்கி இல்லாமல் சுமை ஏற்றுவது இருவர் வேலையாகிவிடும்.

உங்கள் ஊரில் சைக்கிள் திருத்தும் பாஸையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். “பாஸ், இந்த மொடலுக்கு பிரேக் கட்டையும் செயினும் இங்க எடுக்கலாமா?” என்ற கேள்விக்கு அவர் தரும் பதிலைப் பொறுத்து விலையைப் பேசலாம்.

இருக்கிற சைக்கிளை மாற்றுவது

கையிருப்புக் குறைவாக உள்ளவர் உறுதியான இரும்புச் சட்டக மலைச் சைக்கிள் ஒன்றை எடுத்து, முப்பது முப்பத்தைந்து கிலோ வரையான சுமைக்கு மாற்றிக்கொள்ளலாம். அச்சுக்கு அருகே உள்ள துளைகளில் கால் ஊன்றி நிற்கும் கெரியரைப் போட வேண்டும்; ஆசனத் தண்டைக் கவ்விக்கொண்டு அந்தரத்தில் நிற்கும் கெரியர் உதவாது. கடையில் விற்கும் கெரியர்கள் பெரும்பாலும் 25 கிலோவுக்கு உரியவை. அந்த அளவு அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் வெல்டிங் கடையில் தனியாகச் செய்விக்கலாம். அப்போது சட்டகக் குழாயில் நேரடியாக ஒட்டு வைக்க அனுமதிக்காதீர்கள். மெல்லிய குழாய் சூட்டில் பலம் இழந்து பின்னர் அந்த இடத்திலேயே முறியும். போல்ட்டும் பட்டையும் போட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். அலுமினியச் சட்டகத்தில் ஊர் வெல்டிங் வேலையே வேண்டாம்.

மீதிப் பணத்தில் முதலில் பிரேக்கையும், பிறகு பின் சக்கரத்தையும், அதன்பின் தாழ்ந்த கியரையும் மாற்றுங்கள். சாமான் கட்டுவதற்குப் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய பட்டைகளே போதும். மழைக்குப் படங்கோ தடித்த பிளாஸ்ரிக் விரிப்போ போட்டு, அதன் நுனி சக்கரத்தில் சிக்காதபடி மடித்துக் கட்டுங்கள். மூடுபனியில் போகிறவர் முன்னும் பின்னும் விளக்கைப் பகலிலும் எரியவிட வேண்டும்.

முதல் மாதம்

வண்டி வந்த முதல் வாரம் வெறுமனே ஓட்டுங்கள், இரண்டாம் வாரம் பாதிச் சுமை, அதன்பின் முழுச் சுமை. புதிய டிஸ்க் பிரேக் கட்டைகள் தட்டோடு படிவதற்குச் சமமான இடத்தில் இருபது தடவையாவது வேகமெடுத்து நிறுத்த வேண்டும். அதைச் செய்யாமல் இறக்கத்தில் இறங்கினால் பிடி பாதிதான் இருக்கும். புதிய சக்கரத்தின் கம்பிகள் பாரம் ஏறியதும் சற்றுத் தளரும் என்பதால், ஒரு மாதத்துக்குள் பாஸிடம் கொடுத்து மீண்டும் இறுக்கிக்கொள்ளுங்கள். கெரியர் போல்ட்டுகளையும் அப்போதே ஒருமுறை இறுக்க வேண்டும். செயினுக்கு மழைக் காலத்தில் வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். எண்ணெய் பிரேக் தட்டில் ஒரு துளியும் படக் கூடாது, பட்டால் கட்டையை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.